"நஷா துருஜினா ஞே விக்ரவா மெச்சு": இந்த ஒரு போலிஷ் வாக்கியத்தை யாராவது பிரித்துக் காட்டுங்கள்

மழைக்காகம்:

வகுப்பில் கொடுத்த வாக்கியத்தைத் தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். ஐந்தே சொல். நஷா என்றால் எங்கள், துருஜினா அணி, ஞே இல்லை, விக்ரவா வென்றது, மெச்சு ஆட்டம். "எங்கள் அணி ஆட்டத்தில் வெல்லவில்லை." பொருளில் எனக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் வேறு. அதே அணி வென்றுவிட்டால் "நஷா துருஜினா விக்ரவா மெச்" என்கிறார்கள். தோற்றால் மட்டும் மெச் எப்படி மெச்சு ஆனது? அப்புறம், அணியில் இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள், ஆனால் விக்ரவா பெண்பால் வினையாம். ஆசிரியரிடம் கேட்டால் விகுதிப் பட்டியலை நீட்டுகிறார். பட்டியல் என்னிடமும் இருக்கிறது, காரணம்தான் வேண்டும். தமிழ் வழியாக யோசித்தால் ஏதாவது பிடிபடுமா?

இலக்கணக்கிறுக்கன்:

பிடிபடும், பாதி தூரம் வரைக்கும். மீதிப் பாதியில் தமிழே காலை வாரிவிடும், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஒலி. தமிழில் எழுதும்போது ஜ என்று போடுவதை ராஜாவின் ஜ போல் படிக்காதீர்கள், ஷ-வைத் தொண்டை அதிரச் சொன்னால் வருமே, அந்த உரசல். "ஞே" மட்டும் நமக்கு இலவசம், ஞாயிறு சொல்லத் தெரிந்தவருக்கு அந்த ஒலியில் பயிற்சியே தேவையில்லை. விக்ரவாவில் முதல் எழுத்து பல் உதட்டில் படும் வகரம், கடைசியில் இருப்பது இரண்டு உதடும் குவியும் வகரம். போலிஷ் எழுத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து, தமிழில் ஒன்றுதான், என்ன செய்வது.

இப்போது பால். தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. மனிதர் என்றால் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. போலிஷில் ஒருமையில் சொல்லின் வால் எப்படி முடிகிறது என்பதைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். ஆ-வில் முடிந்தால் பெண்பால், மெய்யில் முடிந்தால் ஆண்பால், ஓ அல்லது எ-யில் முடிந்தால் ஒன்றன்பால். துருஜினா ஆ-வில் முடிகிறது, ஆகவே பெண்பால், ஆகவே "நஷா", ஆகவே "விக்ரவா". உள்ளே ஆடுகிறவர் யார் என்பது அந்தச் சொல்லுக்குத் தேவையில்லாத விஷயம். நாமும் "அணி வென்றது" என்றுதானே சொல்கிறோம், பதினொரு பேரும் மனிதர்களாக இருந்தும் அங்கே "வென்றார்கள்" போடுவதில்லை. அங்கே நமக்கு "அது", அவர்களுக்கு "அவள்". வித்தியாசம் அவ்வளவுதான்.

பந்துபொறுக்கி:

கிறுக்கன் சொன்னதை லீக் ஆட்ட முடிவுகளை வைத்துப் படித்தால் ஒரே வாரத்தில் மண்டையில் ஏறிவிடும். போலந்து கால்பந்து அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஷாவாவின் லெகியா வென்றால் "லெகியா விக்ரவா". போஸ்நானின் லெஹ் வென்றால் "லெஹ் விக்ரவ்". லூபினின் ஸக்வெம்பியே வென்றால் "ஸக்வெம்பியே விக்ரவோ". அவள், அவன், அது, மூன்றும் ஒரே பட்டியலில். பியாவிஸ்தோக்கின் யாகியெலோனியா? ஆ-வில் முடிகிறது, விக்ரவா. வ்ரோத்ஸ்வாஃபின் ஷ்லொன்ஸ்க்? மெய்யில் முடிகிறது, விக்ரவ். தலைப்புச் செய்தி மட்டும் படித்தாலே போதும், கட்டுரை படிக்க வேண்டாம்.

நடுவர் மட்டும் ஏமாற்றுவார். சென்ஜா (இந்த ஜ மட்டும் ராஜாவின் ஜ போலத்தான்) என்று ஆ-வில் முடியும், ஆனால் ஆண்பால். நடுவர் என்றாலே அப்படித்தான்.

ஊர்க்குருவி:

பெண்பால், ஆண்பால் விஷயத்தில் யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஜெயித்தேன் என்று சொல்ல என் கணவர் "விக்ரவெம்" என்பார், நான் "விக்ரவாம்" என்பேன். தமிழில் "வென்றேன்" என்று எழுதியிருந்தால் எழுதியவர் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கவே முடியாது. போலிஷில் இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம் எழுதினாலே தெரிந்துவிடும். ஆனால் நிகழ்காலத்தில் "கிரம்", அதாவது ஆடுகிறேன், இருவருக்கும் ஒன்றுதான். ஏன் இறந்தகாலத்துக்கு மட்டும் இந்த வேலை?

இலக்கணக்கிறுக்கன்:

குருவி, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்த இறந்தகால வினை பிறப்பால் முழு வினையே இல்லை, ஒரு எச்சம். பழைய ஸ்லாவிய மொழியில் "வென்றவள்", "வென்றவன்", "வென்றது" என்கிற மாதிரி ஒரு வடிவம் இருந்தது, அதோடு "இருக்கிறேன்", "இருக்கிறாய்" என்று ஒரு துணைவினையைச் சேர்த்துச் சொன்னார்கள். "வென்றவள் இருக்கிறேன்." நாளடைவில் துணைவினை தேய்ந்து வாலாக ஒட்டிக்கொண்டது. விக்ரவா-வில் "ம்" ஒட்டினால் விக்ரவாம். "வென்றவள்" என்று தமிழில் சொன்னால் பால் காட்டித்தானே ஆக வேண்டும்? அதே கதைதான். நிகழ்காலத்து "கிரம்" ஆரம்பத்திலிருந்தே வினை, அதனால் அதற்குப் பால் இல்லை.

இந்த வால் முழுக்க ஒட்டாமல் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. நாம் வென்றோம் என்பதை "மி விக்ரலிஷ்மி" என்றும் சொல்லலாம், வாலைக் கழற்றி முன்னால் இருக்கும் "நாம்" என்ற சொல்லில் மாட்டி "மிஷ்மி விக்ரலி" என்றும் சொல்லலாம். அழுத்தமும் அதைக் காட்டிக்கொடுக்கும். போலிஷில் பொதுவாகக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும், ஆனால் இலக்கண சுத்தமாகப் பேசுகிறவர்கள் விக்ரலிஷ்மியில் "க்ர"-வில் அழுத்துவார்கள், ஏனென்றால் "ஷ்மி" அவர்களுக்கு இன்னும் பாதி விருந்தாளி. தெருவில் அப்படி யாரும் ரொம்பக் கவலைப்படுவதில்லை.

கடைசிபெஞ்ச்:

மழைக்காகம் கேட்டது மெச் ஏன் மெச்சு ஆனது என்று. நீங்கள் பழைய ஸ்லாவியம் வரைக்கும் போய்விட்டீர்கள். அந்தப் பையன் பாவம்.

இலக்கணக்கிறுக்கன்:

வருகிறேன், வருகிறேன்.

போலிஷில் ஏழு வேற்றுமை. நமக்கு எட்டு, ஆகவே எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம், விளி வேற்றுமை கூட அவர்களிடம் கடைசியில்தான் நிற்கிறது. "ஆட்டத்தை வென்றது" என்பதில் ஆட்டம் செயப்படுபொருள், நமக்கு இரண்டாம் வேற்றுமை, அவர்களுக்கு பியெர்னிக். மறுப்பு வந்துவிட்டால் அந்தச் செயப்படுபொருள் பியெர்னிக்கிலிருந்து இறங்கி, நம் ஆறாம் வேற்றுமை செய்யும் வேலையைச் செய்கிற தொபெவ்னியாச்சுக்குப் போய்விடும். மெச், மெச்சு. இது கட்டாயம். ரஷ்யனில் இதே பழக்கம் தளர்ந்துபோய்ச் சில இடத்தில் இரண்டும் செல்லும், செக் மொழியில் ஏறக்குறைய ஒழிந்தேவிட்டது, போலிஷ் மட்டும் விடாப்பிடி.

எவ்வளவு விடாப்பிடி என்றால், மறுப்பு பக்கத்து வினையில் இருந்தாலும் பொருளைத் துரத்திப் பிடிக்கும். "ஞே ஹ்த்செ ஓக்லொன்தாச் மெச்சு", ஆட்டம் பார்க்க எனக்கு விருப்பமில்லை. மறுப்பு "விருப்பம்" மேல்தான், "பார்க்க" மேல் இல்லை. இருந்தும் மெச்சு.

மழைக்காகம்:

சரி, அப்படியென்றால் "நாங்கள் வாலிபால் ஆடுவதில்லை" என்பதில் ஷத்கூஃப்காவும் மாற வேண்டுமே? புத்தகத்தில் "ஞே கிரமி வ் ஷத்கூஃப்கெ" என்று, மறுப்பில்லாத வாக்கியத்தில் இருக்கிற அதே வடிவம் அப்படியே நிற்கிறது.

பந்துபொறுக்கி:

நடுவில் "வ்" இருக்கிறது பாருங்கள். விளையாட்டின் பெயரைச் சொல்லும்போது கிரச் என்ற வினை நேராகப் பொருளைத் தொடாது, "வ்" என்ற முன்னிடைச்சொல் வழியாகத்தான் தொடும். வேற்றுமையைத் தீர்மானிப்பது அந்த "வ்", வினை இல்லை. ஆகவே மறுப்பு அங்கே எட்டாது.

இதே "வ்" இன்னொரு இடத்தில் வேறு முகம் காட்டும். "கிரம் வ் ஷத்கூஃப்கெ" என்றால் வாலிபால் ஆடுகிறேன். "கிரம் வ் துருஜிஞே" என்றால் அணியில் ஆடுகிறேன். முதலாவது பியெர்னிக், இரண்டாவது இடத்தைக் காட்டும் மியெய்ஸ்த்ஸோவ்னிக், நம் ஏழாம் வேற்றுமை மாதிரி. முன்னால் இருக்கும் சொல்லை நம்பாமல் பின்னால் இருக்கும் வாலைப் பார்க்கப் பழகுங்கள். கிடார் வாசிப்பதற்கும் அதே கிரச்தான், ஆனால் அங்கே "வ்" வராது, "நா" வரும்.

ஊர்க்குருவி:

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கிரிக்கெட். "கிரம் வ் கிரிகியெத்தா." கடைசியில் ஒரு ஆ ஒட்டுகிறது. டென்னிஸ் தெனிசா, ஹாக்கி ஹொகேயா, கோல்ஃப் கொல்ஃபா. ஏன் மெச் மட்டும் ஒட்டாமல் அப்படியே நிற்கிறது?

இலக்கணக்கிறுக்கன்:

இங்கேதான் தமிழ் நன்றாகக் கைகொடுக்கிறது. "ஆட்டம் பார்த்தேன்" என்று ஐ உருபு இல்லாமலே சொல்லிவிடுகிறோம். "அவன் பார்த்தேன்" என்று சொல்வோமா? "அவனைப் பார்த்தேன்" என்றால்தான் தமிழ். உயிருள்ளவர் செயப்படுபொருளானால் உருபு கட்டாயம், உயிரற்றது என்றால் விட்டுவிடலாம். போலிஷ் ஆண்பால் ஒருமையிலும் அதே கோடு: உயிரற்ற மெச் மாறாது, உயிருள்ள வாலிபால் வீரர் ஷத்கஷ் என்பவர் "ஷத்கஜா" ஆகிவிடுவார்.

அப்படியிருக்க, விளையாட்டின் பெயர்களை மொழி உயிருள்ளவை போல நடத்துகிறது. கிரிக்கெட், டென்னிஸ், பிரிட்ஜ், போக்கர் எல்லாம் அந்தப் பக்கம். கோல் அடித்தான் என்பதற்கு "ஸ்த்ஷெலிவ் கோலா", ஒரு செட் வென்றார்கள் என்பதற்கு "விக்ரலி செத்தா". கோலுக்கும் செட்டுக்கும் உயிர் உண்டு, அவை நடக்கிற ஆட்டத்துக்கு உயிர் கிடையாது. மெர்சிடிஸ் காருக்கும் வாழைப்பழத்துக்கும் கூட உயிர் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு ஒரே விதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

கடைசிபெஞ்ச்:

வாழைப்பழத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் பெண்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பன்மையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே.

இலக்கணக்கிறுக்கன்:

தமிழ் காலை வாரும் என்றேனே, அந்த இடம் வந்துவிட்டது.

ஆண் வீரர்கள் வென்றார்கள்: "நஷி ஷத்கஜெ விக்ரலி." பெண் வீரர்கள் வென்றார்கள்: "நஷெ ஷத்கர்கி விக்ரவி." நாய்கள் ஓடினாலும், மேசைகள் விழுந்தாலும், மூன்று அணிகள் வென்றாலும் இரண்டாவது வடிவம்தான். பன்மையில் போலிஷ் உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறது, ஒரு பக்கம் ஆண் மனிதர்கள், மறுபக்கம் மீதி எல்லாமும். தமிழ் இலக்கணம் படித்தவர் பன்மை என்றதும் உயர்திணைக் கோட்டை மனதில் போட்டுக்கொள்வார், வந்தார்கள் ஒரு பக்கம், வந்தன மறுபக்கம். அந்தக் கோட்டை இங்கே கொண்டுவந்து போட்டால் பெண்கள் எல்லாரும் தவறான பக்கம் போய்விடுவார்கள்.

ஊர்க்குருவி:

நூறு பெண்களும் ஒரு ஆணும் கூட்டமாக நின்றால் முதல் வடிவம்தான் போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒருவர் பந்து பொறுக்க வந்தவராக இருந்தாலும் சரி.

பந்துபொறுக்கி:

என்னை ஏன் இழுக்கிறீர்கள்.

இலக்கணக்கிறுக்கன்:

இதைக் கேட்டு போலிஷ்காரர்களைத் திட்ட ஓடுவதற்கு முன்னால் நம் பக்கத்து வீட்டையும் எட்டிப் பாருங்கள். தெலுங்கில் ஒருமையில் "அதனு வச்சாடு" அவனுக்கு, "ஆமெ வச்சிந்தி" அவளுக்கு, "குக்க வச்சிந்தி" நாய்க்கு. பெண்ணுக்கும் நாய்க்கும் ஒரே வினை. தெலுங்கு அதை ஒருமையில் செய்துவிட்டுப் பன்மையில் மனிதர்களைச் சேர்த்துவிடுகிறது, போலிஷ் ஒருமையில் ஒழுங்காக இருந்துவிட்டுப் பன்மையில் செய்கிறது. தெலுங்கு பேசுகிற நண்பர் இருந்தால் அவருக்கு இந்தப் பாடம் நம்மைவிடச் சீக்கிரம் ஏறும்.

பந்துபொறுக்கி:

காதால் பழக ஒரு வழி சொல்கிறேன். கொடி நிறத்தை வைத்துத் தேசிய அணியை வெள்ளை-சிவப்பு என்பார்கள். ஆண்கள் அணி என்றால் "பியாவோ-செர்வோஞி", பெண்கள் அணி என்றால் "பியாவோ-செர்வோனெ". வாலிபால் பருவத்தில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டால் இரண்டும் மாறி மாறிக் காதில் விழும். ஆண்பால் மனிதப் பன்மை என்றால் மெய்யே இளகிவிடும், ன் ஞ் ஆகும், நஷ் நஷி ஆகும், ஒரு போலாக், பல போலாத்சி. பெண்பால் பக்கம் இந்த இளகல் இல்லை, அதனால் உண்மையில் அதுதான் எளிது.

கடைசிபெஞ்ச்:

தோற்ற பிறகு ரசிகர்கள் பாடுவார்களே, "போலாத்சி, ஞித்ஸ் ஷெ ஞே ஸ்தாவோ". போலந்துக்காரர்களே, ஒன்றும் நடக்கவில்லை. இதில் ஞித்ஸ் என்பதே "ஒன்றுமில்லை", அப்புறம் "ஞே" இன்னொரு இல்லை. இரண்டு இல்லை சேர்ந்தால் ஆமாம் ஆகிவிடாதா?

இலக்கணக்கிறுக்கன்:

போலிஷில் ஆகாது. யாருமில்லை, எதுவுமில்லை, எப்போதுமில்லை என்று எத்தனை வந்தாலும் வினைக்கு முன்னால் ஒரு ஞே போட்டே தீர வேண்டும். வினையில் மறுப்பு இல்லாவிட்டால் வாக்கியம் மறுப்பே இல்லை. அந்தக் கோஷத்தில் ஸ்தாவோ ஒன்றன்பால் என்பதையும் கவனியுங்கள். ஞித்ஸ் என்பது எதுவும் இல்லாத ஒன்று, அதற்குப் பால் கேட்டால் "அது" என்றுதான் பதில்.

மழைக்காகம்:

இப்போது வாக்கியம் முக்கால்வாசி தெளிந்துவிட்டது. ஒன்று மிச்சம். வகுப்பில் இன்னொரு வாக்கியமும் இருந்தது, "நஷா துருஜினா விக்ரிவவா". இதற்கும் வென்றது என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

பந்துபொறுக்கி:

அப்படிப் போட்டவர் ஆட்டமே பார்த்ததில்லை போல. விக்ரவா என்றால் ஆட்டம் முடிந்தது, வென்றாயிற்று. விக்ரிவவா என்றால் வென்றுகொண்டிருந்தது, முன்னிலையில் இருந்தது, அல்லது அடிக்கடி வெல்லும் வழக்கம் இருந்தது. முடிவு அதில் இல்லை.

2022 உலக வாலிபால் இறுதி ஆட்டம், கத்தொவித்செ நகரில், சொந்த மண். இத்தாலிக்கு எதிராக முதல் செட்டை போலந்து எடுத்தது, அடுத்த மூன்றையும் இத்தாலி எடுத்தது, 3-1. அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: "விக்ரிவலிஷ்மி, அலெ ஞே விக்ரலிஷ்மி." வென்றுகொண்டிருந்தோம், ஆனால் வெல்லவில்லை. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு வினை, நடுவில் ஒரு "ஆனால்". இந்த வரி புரிந்தவருக்கு முற்று, முற்றாமை என்கிற பாடத்தில் பெரும்பகுதி முடிந்தது.

எதிர்காலத்திலும் இது வேலை செய்யும். விக்ரா என்பது பார்க்க நிகழ்காலம் மாதிரி இருக்கும், ஆனால் முடிந்துபோகும் வினைக்கு நிகழ்காலம் கிடையாது, ஆகவே விக்ரா என்றால் "வெல்லும்". இப்போது வென்றுகொண்டிருக்கிறது என்றால் விக்ரிவா. ஆட்டத்தின் நடுவே பக்கத்துக்காரர் எதைச் சொல்கிறார் என்று கவனித்தால் அவர் நம்பிக்கை உள்ளவரா, பலகையை மட்டும் பார்க்கிறவரா என்று தெரிந்துவிடும்.

ஊர்க்குருவி:

முன்னொட்டையும் சொல்லுங்களேன். கிரச் ஆடுவது, விக்ரச் வெல்வது, ப்ஷெக்ரச் தோற்பது, ஸக்ரச் ஒரு ஆட்டம் ஆடிவிடுவது, ஒக்ரச் எதிரியை வீழ்த்துவது. வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் ரொஸ்க்ரிவயொன்த்சி. எல்லாம் ஒரே வேர். விளையாட்டுப் பக்கம் படித்தே ஒரு அகராதி சேர்த்துவிடலாம்.

கடைசிபெஞ்ச்:

எனக்கும் ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். "போல்ஸ்கா விக்ரவா ஸ் பிரசில்யோ" என்று ஒரு பழைய செய்தித் தலைப்பு. ஸ் என்றால் "உடன்" என்று படித்தேன். போலந்தும் பிரேசிலும் சேர்ந்து யாரை ஜெயித்தார்கள்?

பந்துபொறுக்கி:

பிரேசிலைத்தான் ஜெயித்தார்கள். 2014-இல் கத்தொவித்செவில் 3-1, 2018-இல் துரினில் 3-0, இரண்டும் உலக வாலிபால் இறுதி ஆட்டம், இரண்டிலும் எதிரி பிரேசில்தான். கால்பந்து என்றால் 1974 உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், 1-0. நாமும் "ஆஸ்திரேலியாவோடு மோதினோம்" என்றுதானே சொல்கிறோம், அந்த "ஓடு" தோழனுக்கும் வரும், எதிரிக்கும் வரும். நாம் "ஓடு வென்றோம்" என்று சொல்வதில்லை, அவர்கள் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இலக்கணக்கிறுக்கன்:

எண்களையும் தொட்டுவிட்டுப் போகிறேன், இல்லாவிட்டால் மழைக்காகம் அடுத்த பாடத்தில் மாட்டுவார். வாலிபாலில் ஒரு பக்கம் ஆறு பேர். மூன்று பெண் வீரர்கள் ஆடினார்கள் என்றால் "ட்ஷி ஷத்கர்கி கிரவி", பன்மை வினை, எதிர்பார்த்த மாதிரியே. ஆறு பேர் ஆடினார்கள் என்றால் "ஷெஷ்ச் ஷத்கரெக் கிரவோ". வீரர்கள் தொபெவ்னியாச்சுக்குப் போய்விட்டார்கள், வினை ஒன்றன்பால் ஒருமை ஆகிவிட்டது. ஐந்திலிருந்து மேலே போகும் எண்கள் பழைய காலத்தில் பெயர்ச்சொல்லாக இருந்தவை, "வீரர்களின் ஓர் ஆறு ஆடியது" என்பது போன்ற அமைப்பு இன்னும் தங்கியிருக்கிறது. ஆண்கள் என்றால் எண்ணே வேறு வடிவம் எடுக்கும், "ஷெஷ்ச்சு ஷத்கஜி கிரவோ". ஆணும் பெண்ணும் கலந்த ஆறு பேருக்கு ஷெஷ்சொரோ என்று இன்னொன்றும் உண்டு. மனிதர்களை எண்ண இருவர், அறுவர் என்று தனி வடிவம் வைத்திருக்கிற நமக்கு அந்த எண்ணம் புதிதல்ல.

மழைக்காகம்:

நன்றி, எல்லாருக்கும். சரிபார்க்க ஒன்று எழுதிப் பார்க்கிறேன்: "நாங்கள் கிரிக்கெட் ஆடவில்லை, ஆட்டம் இல்லை." ஞே கிரலிஷ்மி வ் கிரிகியெத்தா, ஞே பிவோ மெச்சு. கிரிகியெத்தா மறுப்பினால் வந்தது அல்ல, விளையாட்டுப் பெயர் என்பதால் வந்தது. மெச்சு மட்டும் மறுப்பினால். சரியா?

இலக்கணக்கிறுக்கன்:

சரி. ஆடாமல் இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள் என்றால் மட்டும் கிரவிஷ்மி.